ஆளுக்கு ஒன்றரை அடி

ஆலங்கோட்டைப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடக்கிற பொட்டலில், மாசி மாதம் ஒரு காலையில், நானூறு வருஷத்துக்கு முந்தைய லண்டன்காரர்கள் மொத்தமாக வந்து, வட்டம் கட்டி, மூன்று அடுக்காக அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆணும் பெண்ணும், தொப்பி போட்டவர்களும் போடாதவர்களும், ஆப்பிள் கடிக்கிறவர்களும் கொட்டாவி விடுகிறவர்களுமாக மேலே ஒரு கூட்டம், மண்ணில் நின்றபடி கீழே இன்னொரு கூட்டம், எல்லாரும் நடுவே ஆள் இல்லாத ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தார்கள். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு வயிற்றெரிச்சல் அதில் கிடையாது. இத்தனை பெரிய ஊரில் ஒரு ஜீவன், ஒரே ஒரு ஜீவன், வந்து என்னிடம் சொல்லவில்லையே, அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

உன்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். என் பெயர் அங்கயற்கண்ணி. இந்த ஊர் கலைக் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்துகிறேன். எட்டு வருஷமாக ஒரே ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்: எலிசபெத் ராணி காலத்தில் லண்டனில் இருந்த நாடகக் கொட்டகைகள் எத்தனை அடி அகலம்? மரத்தால் கட்டிய வட்டக் கொட்டகைகள் அவை. சுற்றிலும் மூன்று அடுக்குப் பலகைகள், நடுவில் கூரை இல்லாத முற்றம், முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மேடை. ஒன்று தீயில் போனது, மற்றவற்றை இடித்துத் தள்ளிவிட்டார்கள். அளவு எழுதிய வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. வழிப்போக்கர் ஒருவர் கிறுக்கிய படம், தச்சரோடு போட்ட ஓர் ஒப்பந்தம், சேற்றுக்குள் கொஞ்சம் அஸ்திவாரக் கல், இவ்வளவுதான் மிச்சம். இதை வைத்துக்கொண்டு உலகத்துப் பேராசிரியர்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் குடுமிப்பிடிச் சண்டை போடுகிறார்கள்.

அந்தச் சண்டையில் நானும் என் ஆராய்ச்சி வழிகாட்டியும் எதிரெதிர்க் கட்சி. மதுரையில் இருக்கிற பேராசிரியர் துரைமாணிக்கம் சார் கணக்குப்படி கொட்டகை நூறடி, என் கணக்குப்படி எழுபத்திரண்டடி. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே கணக்குதான். கடைசி வரிசையில் சுற்றிலும் நூற்றைம்பது பேர் உட்கார்ந்தார்கள் என்பதில் எங்களுக்குள் தகராறே இல்லை. உட்கார்ந்த ஆளுக்கு ஒன்றரை அடி இடம் என்கிறேன் நான், பெருக்கி வட்டமாக்கினால் எழுபத்திரண்டு வருகிறது. வெள்ளைக்காரன் உடம்புக்கு ஒன்றரை அடி எப்படிப் பற்றும், இரண்டு அடி போடு என்கிறார் அவர், போட்டால் நூறை ஒட்டி வந்துவிடுகிறது. ஆக, எட்டு வருஷம் நான் படித்த படிப்பெல்லாம் ஒரு மனுஷன் உட்காருகிற இடம் எவ்வளவு என்கிற அரை அடியில் வந்து மாட்டிக்கொண்டு நின்றது.

சார் கெட்டவர் கிடையாது. ஆனால் இந்த எட்டு வருஷத்தில் நான் ஆரம்பித்த ஒரு வாக்கியத்தைக்கூட அவர் முடிக்க விட்டதில்லை. "சார், அந்த ஒன்றரை அடிக்கு ஆதாரம்..." என்பேன். "நூறுன்னு மாத்திட்டு வாம்மா" என்பார். டீ வாங்கிக் கொடுப்பார், பிள்ளைகளை விசாரிப்பார், பஸ் ஏற்றிவிடுவார். மறுபடி போவேன், மறுபடி நூறு. அந்த நூறை அவர் முப்பது வருஷமாக வகுப்பில் சொல்லிச் சொல்லி, புத்தகமாகவும் போட்டுவிட்டார். இப்போது பங்குனி முடிந்தால் அவருக்கு ஓய்வு. அதற்குள் "ஆகட்டும்" என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட்டால் எனக்குப் பட்டம், போடாவிட்டால் வேறொரு வழிகாட்டி, வேறொரு தலைப்பு, மறுபடி முதலிலிருந்து. எனக்கு நாற்பத்தாறு வயது. முதலிலிருந்து ஆரம்பிக்க என்னிடம் உயிர் இல்லை.

இப்படி நான் உருகிக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் அந்தக் கொட்டகையின் ஜனங்கள், கட்டிடம் போன இடம் தெரியாமல் போனாலும் தாங்கள் மட்டும் இடம் பிசகாமல், எங்கள் ஊருக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அதைத் தெரிந்துகொண்டது எப்படி? என் வீட்டுக்காரர் ரெங்கராஜ் காய்கறிப் பையை அடுப்படியில் வைத்துவிட்டு, "முருங்கைக்காய் விலையைக் கேட்டா தலை சுத்துது, கத்திரிக்காயும் சொத்தையா இருக்கு, பஸ் ஸ்டாண்டு பின்னால வெள்ளைக்காரங்க கொஞ்சம் பேரு ரெண்டு மூணு நாளா அந்தரத்துல உக்காந்திருக்காங்க, புளி வாங்க மறந்துட்டேன்" என்றார்.

"என்னது, உக்காந்திருக்காங்களா? எப்படி உக்காந்திருக்காங்க?"

"எப்படின்னா? கால மடக்கித்தான். வட்டமா, மேல மேல மூணு வரிசை. கண்டக்டர் பேச்சிமுத்துதான் சீட்டுப் பிடிச்சுக் குடுத்தாரு. நல்லா காத்து வருது."

கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடி என்ன பிரயோஜனம், அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூட்டம் கூடிய இடத்தில் எதற்குக் கூட்டம் என்று இந்த ஊர் கேட்காது, எனக்கு இடம் இருக்கா என்றுதான் கேட்கும். முதல் நாள் காலையில் பொட்டலுக்குக் குறுக்கே நடந்து வந்த கண்டக்டர் பேச்சிமுத்து, அந்தரத்தில் ஜனங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அவர் கண்ணில் முதலில் பட்டது அந்தரம் இல்லை, மூன்று பேர் காலை அகட்டிக்கொண்டு ஐந்து பேர் இடத்தில் உட்கார்ந்திருந்ததுதான். லண்டன்காரர் ஒருவர் பின்னாலேயே காலை வைத்து ஏறியிருக்கிறார், அந்த ஆள் ஏறுகிற இடத்தில் படி இருந்திருக்கிறது. அதுதான் அதன் சட்டம் என்று பிறகு எனக்குத் தெரிந்தது. அவர்களில் ஓர் ஆள் இருக்கிற இடத்தில்தான் பலகை இருந்தது, ஆள் நகர்ந்தால் பலகையும் கூடவே நகர்ந்தது. மேலே ஏறிய பேச்சிமுத்து, இருபது வருஷமாக பஸ்ஸில் சொல்கிற அதே குரலில் சொல்லியிருக்கிறார்.

"தொரை, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இந்தாம்மா, அந்தக் கூடையை மடியில வச்சுக்க. உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எம்புட்டு எடம் கெடக்கு!"

அவர்களும் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் ஊரைக் கேட்கவா வேண்டும்? கீழேயிருந்து துண்டு வீசினார்கள், கர்ச்சீப் வீசினார்கள், மஞ்சப்பை வீசினார்கள், சாப்பாட்டுக் கேரியரைக்கூட வீசினார்கள். எல்லாம் இரண்டு லண்டன்காரர்களுக்கு நடுவில் போய் அந்தரத்தில் விழுந்து இடம் பிடித்துக்கொண்டு கிடந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது முதல் அடுக்கில் அரிசிக்கடைக் குடும்பம், இரண்டாம் அடுக்கில் பஞ்சு மில் ஷிஃப்ட் முடித்து வந்த பெண்கள், மூன்றாம் அடுக்கில் சீட்டாட்டம். ஒரு லண்டன் கிழவி, எங்கள் ஊர் கைக்குழந்தை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதன் அம்மா எங்கே என்று தேடுகிற கவலையே இல்லாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நான் பேச்சிமுத்துவின் சட்டையைப் பிடிக்காத குறைதான். "ஏங்க, ஒரு ஆளுக்கு எத்தனை அடின்னு கண்டுபிடிக்கத்தான் எட்டு வருஷமா நாயா அலையுறேன், அதைப் போய் நகத்திட்டீங்களே!"

"ஆளுக்கு என்ன டீச்சர் அளவு?" என்றார் அவர், ரொம்ப நிதானமாக. "தீவாளிக்கு ஒரு அளவு, சாதா நாளைக்கு ஒரு அளவு."

கல்லூரியில் நடத்துகிறவளை டீச்சர் என்று கூப்பிடாதே என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது, அது தனிக் கதை.

சரி, நடந்தது நடந்துவிட்டது, இருக்கிறதையாவது அளப்போம் என்று மறுநாள் விடிந்ததும் அளவு நாடாவோடு போனேன். பொட்டலுக்குக் கிழக்கே மூன்று மாடி லாட்ஜ், மேற்கே வரிசையாகப் புளிய மரங்கள். காலை வெயில் ஏற ஏற, ஜன்னல் ஓரத்தில் எந்தப் பக்கம் வெயில் வராது என்று கணக்குப் போட்டு பஸ் ஏறுகிற எங்கள் ஜனங்கள், லாட்ஜ் நிழலுக்கு நகர்ந்தார்கள். நகரும்போது பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்களையும் "பாவம், செவந்து போச்சு பாரு" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே நகர்ந்தார்கள். ஆட்கள் நகர்ந்தால் பலகை நகரும், பலகை நகர்ந்தால் கொட்டகை நகரும். வட்டம் ஒரு பக்கம் வீங்கி, மறு பக்கம் சூம்பி, பூசணிக்காயாகப் போனது. மத்தியானத்துக்குமேல் எல்லாரும் புளியமர நிழலுக்கு இடம் மாறினார்கள், வீக்கமும் அந்தப் பக்கம் மாறியது. நான் நாடாவின் ஒரு நுனியைக் கல்லில் கட்டிவிட்டு மறு நுனிக்கு ஓடுவதற்குள் அங்கே இருந்த ஆட்கள் இருக்கமாட்டார்கள். ஒரே நாளில் எனக்கு ஐம்பதும் வந்தது, நூற்றுப் பத்தும் வந்தது. என் தலைவிதியை நொந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அப்புறம் ஊர் அதை ஊரோடு சேர்த்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் நிலக்கடலை விற்கிற இருளாயி கூடையோடு மூன்று அடுக்கும் ஏறி இறங்கினாள், கடலைக்குப் பதில் ஆப்பிள் வாங்கி அதையும் கீழே கொண்டுவந்து விற்றாள். ஒரு கட்சிக்காரர்கள் "வருக வருக" என்று பேனர் கட்டினார்கள், இன்னொரு கட்சிக்காரர்கள் அதைவிடப் பெரிதாகக் கட்டினார்கள், இரண்டிலும் லண்டன்காரர் படம் ஒன்றுகூட இல்லை. மினி பஸ்காரர் அந்த இடத்துக்குக் கொட்டகை ஸ்டாப் என்று பெயர் வைத்துவிட்டார். வீட்டில் பெண் பார்க்க இடம் போதாதவர்கள் இரண்டாம் அடுக்கில் வைத்துப் பெண் பார்த்தார்கள், மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்துகொண்டிருக்க, பக்கத்தில் இருந்த லண்டன் தச்சர் ஒருவர் பெண்ணை நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாராம், கல்யாணம் முடிவாகிவிட்டது. பிள்ளைகள் அங்கேயே வீட்டுப்பாடம் எழுதின. லண்டன்காரர்களும் முறுக்குக்கும் மோருக்கும் பழகி, "தள்ளுங்க" என்ற ஒரு வார்த்தையை மட்டும் பிசகில்லாமல் கற்றுக்கொண்டு எங்களுக்கே சொல்ல ஆரம்பித்தார்கள். இத்தனை நடந்தும், மேடை இருக்கவேண்டிய அந்த நடு இடத்தில் என்ன நடக்கப்போகிறது என்று மட்டும் எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. லண்டன்காரர்கள் பார்த்த திசையில் இவர்களும் பார்த்தார்கள், அவர்கள் காத்திருந்ததுபோல் இவர்களும் காத்திருந்தார்கள்.

என்னைப் பார்த்தால் மட்டும், "டீச்சர், நீங்க இங்கிலீஷ்தான, இந்தாளு என்னமோ கேக்குறாரு, என்னன்னு சொல்லுங்க" என்று பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காலத்து இங்கிலீஷ், அதுவும் வாய் நிறைய ஆப்பிளோடு பேசுகிற இங்கிலீஷ், எனக்கு எங்கே புரிந்தது? நான் திருதிருவென்று முழிப்பதற்குள், கேட்டவருக்கு ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதை இருளாயி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, கட்டணக் கழிப்பறைக்கு வழி காட்டியிருப்பாள்.

என் வீட்டிலாவது ஆதரவு உண்டா? ரெங்கராஜ் வேலை முடிந்ததும் நேரே அங்கேதான் போவார். நான் கீழே வெயிலில் நாடாவோடு நாய் படாத பாடு படும்போது மேலேயிருந்து குரல் வரும். "ஏய் அங்கை! உனக்கும் துண்டு போட்டு வச்சிருக்கேன், மேல வா!"

"நீங்க மொதல்ல எறங்குங்க! நீங்க எறங்கினாலே ரெண்டு ஆள் எடம் குறையும்!"

"எறங்கினா எடம் போயிரும்மா" என்பார், பக்கத்து லண்டன்காரரிடம் முறுக்கை நீட்டியபடி.

கடைசியில், பங்குனி முடிய இன்னும் நாலைந்து நாள் இருக்கும்போது, துரைமாணிக்கம் சாரைக் கெஞ்சிக் கூத்தாடி மதுரையிலிருந்து வரவழைத்தேன். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் மனுஷன் மாறிவிடுவார் என்று ஒரு நப்பாசை. வந்தார். பொட்டலில் நின்று மேலே பார்த்தார். தான் முப்பது வருஷமாகப் புத்தகத்தில் தேடிய ஜனங்கள் உயிரோடு எதிரே உட்கார்ந்து கடலை கொறிப்பதைப் பார்த்து அவர் கண் கலங்கியது, அதை நான் மறைக்கமாட்டேன். இதோ வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். அதற்குள் ரெங்கராஜ் எட்டிப் பார்த்து, "சார், வாங்க சார், எடம் இருக்கு!" என்று கூப்பிட, சாரும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு லண்டன்காரியின் பின்னால் ஏறிப்போய் இரண்டாம் அடுக்கில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், அளக்கணும் சார், இறங்கி வாங்க!"

"என்னத்தம்மா அளக்கிறது? பார்த்தாலே தெரியுது. தாராளமா நூறடி இருக்கும்."

"அது ஊர்க்காரங்க ஏறி உக்காந்ததால வீங்கியிருக்கு சார். இவங்களை இறக்கிட்டா எழுபத்திரண்டுதான் சார்."

"நூறுன்னு மாத்திடும்மா, இப்பவே போட்டுத் தர்றேன். காத்து நல்லா வருது."

எனக்கு வந்த ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. இந்த ஊர் இறங்க வேண்டும், ஒரு அரை மணி நேரம், ஒரே ஒரு அரை மணி நேரம் அவர்கள் இறங்கினால் போதும், லண்டன்காரர்கள் தங்கள் பழைய இடத்துக்குப் போய்விடுவார்கள், நான் சாரை வைத்துக்கொண்டே அளந்துவிடுவேன். நல்ல விதமாகக் கேட்டால் இறங்குவார்களா? இத்தனை நாளாகக் கேட்டுப் பார்த்துவிட்டேனே. டீக்கடை வாசலில் மைக் செட் கட்டிய ஆட்டோ ஒன்று நின்றது. ஓட்டுகிறவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"ஆலங்கோட்டை வாழ் பொதுமக்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு! ராஜபாளையம் ரோட்டில் இன்று திறக்கப்படும் ஜவுளிக் கடையில், முதலில் வரும் ஐநூறு பேருக்கு, பெண்களுக்குப் புடவை, ஆண்களுக்கு வேட்டி, இலவசம், இலவசம், இலவசம்!"

மூன்றாவது இலவசத்துக்கு ஊர் எழுந்துவிட்டது. அடுக்கடுக்காக இறங்கினார்கள், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள், குழந்தையை லண்டன் கிழவி மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள், சீட்டுக்கட்டை இடுப்பில் செருகிக்கொண்டார்கள், பெண்டாட்டியின் குரல்தான் என்று அடையாளம் தெரிந்தும் ரெங்கராஜ் எல்லாருக்கும் முன்னால் ஓடினார். பொட்டலே புழுதியாகக் கிளம்பியது. நான் நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

திரும்பினால், லண்டன்காரர்களும் எழுந்து நிற்கிறார்கள்.

பக்கத்தில் இருப்பவன் எழுந்தால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இது எந்தக் காலத்துக் கூட்டத்துக்கும் தெரிந்த விஷயம், எட்டு வருஷம் கூட்டத்தைப் பற்றியே படித்த எனக்குத்தான் தெரியவில்லை. அவர்கள் பாவாடையைத் தட்டிவிட்டார்கள், தொப்பியைத் தேடினார்கள், இவ்வளவு நாள் உட்கார்ந்தும் ஒன்றுமே காட்டவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொருவர் இறங்கும்போதும் ஒரு பலகை இல்லாமல் போனது. துரைமாணிக்கம் சாருக்குப் பக்கத்தில் இருந்தவர் கடைசியாக எழுந்து இறங்க, சாரின் பலகையும் கூடவே லிஃப்ட் மாதிரி இறங்கி அவரை மண்ணில் உட்கார வைத்தது. நான் ஓடிப்போய் அவர்கள் குறுக்கே கையை விரித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றிலும் நிற்கச் சொல்லிக் கெஞ்சினேன். பஸ்ஸில் பேனா விற்கிறவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல் மரியாதையாகச் சிரித்துவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு மதுரை ரோட்டைப் பார்க்க நடந்தார்கள்.

பொட்டல் பொட்டலாகக் கிடந்தது. கடலைத் தோலும் ஆப்பிள் கொட்டையும் கிடந்தன. நடுவில் நானும் சாரும் நின்றோம்.

"நல்ல வேளை, பார்த்துட்டேன்" என்றார் சார், வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு. "நூறடிம்மா. சந்தேகமே இல்லை."

அவ்வளவுதான். எனக்குள் ஏதோ அறுந்துபோனது.

"நூறாவது நூறு! எட்டு வருஷமா இதையே சொல்றீங்களே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் சொல்றதைக் கேட்டிருக்கீங்களா சார்?"

"என்னம்மா இது, நடுத்தெருவுல நின்னு..."

"நடுத்தெருவுலதான் சார் நின்னுக்கிட்டிருக்கேன், எட்டு வருஷமா! நான் வாயைத் திறந்தா டீ வாங்கித் தர்றீங்க. மறுபடி திறந்தா பஸ் ஏத்தி விடுறீங்க. என் பிள்ளை காய்ச்சலோட கிடந்தப்ப அவனை விட்டுட்டு மதுரை வந்து நின்னேன் சார், ஒன்றரை அடின்னு சொல்றதுக்குள்ள நூறுன்னுட்டீங்க!"

"ஏம்மா, நான் உன் நல்லதுக்குத்தானம்மா..."

"என் நல்லதை நான் பாத்துக்குறேன். என் கணக்கைக் கேளுங்க!"

நான் என் குரல் அவ்வளவு பெரிதென்று அதுவரை அறிந்ததில்லை. ராஜபாளையம் ரோட்டில் கடையும் இல்லை, புடவையும் இல்லை என்று தெரிந்து, என்னை உண்டு இல்லை என்று ஆக்குவதற்காகத் திரும்பி வந்த ஊர் ஜனங்கள், இங்கே ஏற்கெனவே ஒரு சண்டை நடப்பதைப் பார்த்ததும் தங்கள் சண்டையை ஒத்திப்போட்டுவிட்டு நின்றார்கள். எங்கள் ஊரில் இரண்டு பேர் சத்தம் போட்டால் மற்றவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி, யாரும் சொல்லாமலே வட்டமாக நின்றார்கள். "அந்தம்மா சொல்றது நியாயந்தான" என்றாள் இருளாயி. "சாரையும் பேச விடுங்கப்பா" என்றார் இன்னொருவர். "அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு டீச்சர்?" என்றது ஒரு குரல்.

நான் எட்டு வருஷத்தையும் சொன்னேன். வழிப்போக்கர் கிறுக்கிய படத்தைச் சொன்னேன், தச்சரின் ஒப்பந்தத்தைச் சொன்னேன், சேற்றுக் கல்லைச் சொன்னேன். சார் மறுத்தார், அவர் மறுத்ததற்கு நான் மறுத்தேன், அவரும் குரலை உயர்த்தினார், அவருக்கும் முப்பது வருஷம் இருந்ததே, அவரும் கையை ஆட்டி, மண்ணை மிதித்து, கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு பேசினார். பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்க நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், மதுரை ரோட்டில் போன லண்டன்காரர்கள் சத்தம் கேட்டுத் திரும்பி வந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கீழே முற்றத்தில் நின்றுவிட்டதால் மேலே இடைஞ்சல் எதுவும் இல்லை. அவரவர் வீட்டு நாற்காலியில் உட்காருவதுபோல் அவரவர் இடத்தில், அவரவர் அகலத்துக்கு உட்கார்ந்தார்கள். முதல் அடுக்கு நிறைந்தது, இரண்டாம் அடுக்கு நிறைந்தது, மூன்றாம் அடுக்கு நிறைந்தது. வட்டம் வட்டமாக நின்றது. நான் எட்டு வருஷம் தேடிய கொட்டகை, ஓர் ஆணி இல்லாமல், ஒரு தூண் இல்லாமல், முழுசாக என்னைச் சுற்றி எழும்பி நின்றது. நானும் சாரும் அதன் மேடையில் நின்றோம். இத்தனை நாள் காத்திருந்த அந்த முகங்கள் எல்லாம் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

நாடா என் கையில்தான் இருந்தது. ஓடிப்போய் ஒரு நுனியைக் கட்டினால் போதும். ஆனால் நான் வாயை மூடிக் குனிந்த அடுத்த நிமிஷம் அவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஒருத்தி இரண்டு காலை அசைத்துத் தொப்பியை எடுக்கவே ஆரம்பித்துவிட்டாள். நாடாவைக் கீழே போட்டேன்.

"சார், இங்கேருந்து பாருங்க. மேல, மூணாம் அடுக்குல, கடைசி வரிசை. அந்தப் பச்சைப் பாவாடைக்காரம்மா. தெரியுதா?"

சார் நிமிர்ந்தார். அப்போதுதான் அவரும் எல்லாவற்றையும் பார்த்தார். வாய் திறந்தபடி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தெரியுதும்மா" என்றார் மெதுவாக.

"அவங்க மூக்குல என்ன இருக்கு?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். முற்றத்தில் நின்றவர்களும் அவரோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். "மரு" என்றார். "பக்கத்துல ஒரு முடி."

"நூறடிக் கொட்டகையா இருந்தா அந்தம்மா அம்பதடிக்கு அந்தப் பக்கம் சார். உங்க கண்ணுக்கு முடி தெரியுமா? நீங்க சொல்லுங்க. நான் சொல்லலை, நீங்களே சொல்லுங்க. இது எத்தனை அடி?"

அவர் அந்த அம்மாவைப் பார்த்தார், பக்கத்து ஆளைப் பார்த்தார், இருவருக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் வகுப்புகளில் சொன்னது, புத்தகத்தில் போட்டது எல்லாம் அவர் முகத்தில் வந்து போனது. எனக்கே பாவமாக இருந்தது, இருந்தாலும் நான் விடவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என் வாக்கியம் முடியும்வரைக்கும் நின்றிருந்தார்.

"எழுபத்திரண்டு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கையெழுத்துப் போட்டுடறேம்மா."

உடனே மேலேயிருந்து குரல் வந்தது. பேச்சிமுத்துதான், அத்தனை கூட்டத்திலும் எப்படியோ ஏறி மூன்றாம் அடுக்கில் ஓர் இடம் பிடித்திருந்தார். "சத்தமா சொல்லுங்க சார், இங்க ஒண்ணும் கேக்கலை!"

சார் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. அவர் தொண்டையைச் செருமி, தலையை நிமிர்த்தி, முப்பது வருஷம் நூறு நூறு என்று பாடம் நடத்திய அதே குரலை எடுத்து, பச்சைப் பாவாடைக்காரி வரைக்கும் கேட்கிற மாதிரி, "எழுபத்திரண்டு!" என்றார்.